மனிதவள ஆலோசகர்: பதவிப் பெயர் ஒன்று, சம்பளம் ஏன் பல?

வேலை தேடும் தளங்களில் ‘எச்.ஆர். அட்வைசர்’ என்று தட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். ஒரே ஊர், ஒரே பதவிப் பெயர், கேட்கும் அனுபவமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒரு விளம்பரத்தில் இருக்கும் சம்பளம் அடுத்த விளம்பரத்தில் ஒன்றரை மடங்காக இருக்கிறது, சில சமயம் இரண்டு மடங்காகவும். சரி, சராசரியாவது எவ்வளவு என்று தேடினால் தளத்துக்கு ஒரு எண் வருகிறது.

அந்த எண்கள் எல்லாமே சரியாக இருக்கலாம். விளம்பரங்கள் இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கானவை, பெயர் மட்டும்தான் ஒன்று. இந்த ஆலோசகர் யாருக்கு ஆலோசனை சொல்கிறார், எதைப் பற்றிச் சொல்கிறார், அவர் சொன்னது தவறாகிப்போனால் நிறுவனத்துக்கு என்ன செலவாகும் என்று பார்த்தால்தான் சம்பளக் கணக்கு பிடிபடும்.

## பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

மனிதவளத் துறையில் பொதுவாக நான்கு படிகள் உண்டு.

1. நிர்வாக உதவியாளர். ஆஃபர் லெட்டர் தயாரிப்பார், கோப்பு சேர்ப்பார், விடுப்புக் கணக்கு பார்ப்பார், மாதாமாதம் சம்பளப் பிரிவுக்கு விவரம் அனுப்புவார்.
2. ஆலோசகர். மேலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் விதி என்ன, நடைமுறை என்ன, அடுத்த அடி என்ன என்று சொல்பவர். ஒழுங்கு நடவடிக்கை, புகார், நீண்ட மருத்துவ விடுப்பு, தகுதிகாண் காலம் முடிவது, ஆட்குறைப்பு எல்லாம் இவர் மேஜைக்கு வரும்.
3. பிசினஸ் பார்ட்னர். ஒரு பிரிவின் தலைமையோடு உட்கார்ந்து, அடுத்த ஆண்டு எத்தனை பேர் வேண்டும், யாரை வளர்க்க வேண்டும், அமைப்பை எப்படி மாற்ற வேண்டும் என்று பேசுபவர்.
4. மனிதவள மேலாளர், துறைத் தலைவர். கொள்கை, பட்ஜெட், இறுதிப் பொறுப்பு.

‘அட்வைசர்’ என்ற பெயர் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் அதிகம் புழங்குகிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய இதே வேலையை ‘ஜெனரலிஸ்ட்’ என்பார்கள். அந்நாட்டு அரசுப் புள்ளிவிவரத்திலோ ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற தலைப்பின்கீழ் வரும். ‘கன்சல்டன்ட்’ என்பவர் பெரும்பாலும் வெளியாள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தமிழில் இருவரையும் ‘ஆலோசகர்’ என்றுதான் எழுதுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி நிறுவனங்கள் செய்வது. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ‘ஆலோசகர்’ என்றால் மொத்த மனிதவளத் துறையும் அவர் ஒருவர்தான். ஆஃபர் லெட்டரும் அவரே அடிப்பார், நீக்கல் கடிதமும் அவரே எழுதுவார். பத்தாயிரம் பேர் உள்ள இடத்தில் அதே பெயர் கொண்டவர் மருத்துவ விடுப்பு விவகாரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் சில இடங்களில் உதவியாளரைத் தக்கவைக்கச் சம்பளம் ஏற்ற மனமில்லாமல் பெயரை மட்டும் ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. விசிட்டிங் கார்டு அச்சடிக்க அதிகம் செலவாகாது அல்லவா!

## வேலையின் மையம் எது?

ஆலோசகர் முடிவெடுப்பவர் இல்லை. கையெழுத்து மேலாளருடையது. ஆனால் அந்தக் கையெழுத்து விழலாமா, எப்போது விழலாம், அதற்கு முன் கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இவர்தான் சொல்லியாக வேண்டும். ஒரு கற்பனை உரையாடலைப் பார்த்தால் இது விளங்கும். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு பிரிவு மேலாளர் வந்து உட்காருகிறார்.

“மேடம், இவரை இந்த மாசக் கடைசியோட அனுப்பிடலாம்னு இருக்கேன். லெட்டர் மட்டும் போட்டுக் கொடுத்திடுங்க.”

“சரி சார். காரணம்னு என்ன போடுறது?”

“வேலை சரியில்ல. சொன்ன தேதிக்கு எதுவும் முடியறதில்ல.”

“எழுத்துல ஏதாவது எச்சரிக்கை கொடுத்திருக்கீங்களா?”

“வாயால பத்து தடவை சொல்லியாச்சு.”

“போன அப்ரைசல்ல என்ன போட்டிருந்தீங்க?”

“அது… ‘நன்று’தான். எல்லாருக்கும் அதைத்தானே போடுறோம்.”

“கடைசி ரெண்டு மாசம் அவர் மெடிக்கல் லீவுல இருந்தாருல்ல சார்?”

இந்த இடத்தில் மேலாளர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். ஐந்து நிமிடப் பேச்சில் ஆலோசகர் கண்டுபிடித்தது மூன்று விஷயம். நீக்கச் சொல்லும் காரணத்துக்கு எழுத்துபூர்வமான தடயம் எதுவும் இல்லை. இருக்கும் ஒரே ஆவணமான அப்ரைசல் நேர் எதிராகப் பேசுகிறது. மருத்துவ விடுப்பு முடிந்த கையோடு நீக்கினால், விடுப்புக்காகத்தான் நீக்கினார்கள் என்று யாரும் சொல்ல இடமிருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை 1982இல் வந்தது. நீக்கத்துக்கு ஏற்கத்தக்க காரணம் வேண்டும், நோயால் தற்காலிகமாக வராதது அப்படிப்பட்ட காரணம் ஆகாது, நடத்தை அல்லது செயல்திறனைக் காரணம் காட்டி நீக்குவதென்றால் அதற்கு முன் ஊழியருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஏற்காத பல நாடுகளின் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் இதே தர்க்கம்தான் ஓடுகிறது.

அமெரிக்கா இதற்கு விலக்கு. மொன்டானா மாநிலத்தைத் தவிர்த்தால், காரணம் எதுவும் சொல்லாமலே நீக்கலாம் என்பதுதான் அங்கே அடிப்படை விதி. அப்படியானால் அங்கே ஆலோசகருக்கு என்ன வேலை? நிறையவே இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும், இனம், பாலினம், மதம், உடற்குறை போன்ற காரணங்களுக்காக நீக்கக் கூடாது. காரணமே எழுதப்படாத கோப்பில் எந்தக் காரணத்தையும் ஏற்றிச் சொல்ல முடியும். 1991இன் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி, பாலினம், மதம் போன்ற பாகுபாட்டு வழக்குகளில் இழப்பீட்டுக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு உண்டு. 15 முதல் 100 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் போனால் 3,00,000 டாலர். நிலுவைச் சம்பளமும் வக்கீல் கட்டணமும் இந்த வரம்புக்குள் வராது. ஆக, தவறின் விலை நிறுவனத்தின் அளவோடு சேர்ந்து ஏறுகிறது. பெரிய நிறுவனங்கள் இந்த வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்க இது ஒரு காரணம்.

அந்த மேலாளருக்கு ஆலோசகர் என்ன சொல்வார்? “முடியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டால் அது அரைகுறை ஆலோசனை. இன்று முதல் என்ன செய்ய வேண்டும் என்று தேதி போட்டுச் சொல்வார். எதிர்பார்ப்பை எழுத்தில் கொடுங்கள், உடல்நிலையால் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேளுங்கள், ஆறு வாரம் கழித்து அளந்து பாருங்கள், அப்போதும் சரியில்லை என்றால் முறைப்படி கூட்டம் வையுங்கள். பேசியதை அன்று மாலையே ஒரு பத்தியில் குறித்தும் வைப்பார். வழக்கென்று வந்தால் அந்தக் குறிப்புதான் பேசும்.

இதில் இரண்டு தரப்புக்குமே ஒரு தப்பெண்ணம் உண்டு. ஊழியர்கள் இவரைத் தங்கள் வக்கீல் என்று நினைத்து மனம்விட்டுப் பேசிவிட்டு, பிறகு ஏமாந்துவிட்டதாகச் சொல்வார்கள். மேலாளர்களோ லெட்டர் அடித்துத் தரும் ஆள் என்று நினைப்பார்கள். இவருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். பார்க்க வேண்டியது நிறுவனத்தின் நலன். ஊழியரை நியாயமாக நடத்துவதும் பெரும்பாலும் அந்த நலனுக்குள்தான் வருகிறது. வராத சமயமும் உண்டு. இந்த வேலையில் தூக்கம் கெடுவது அப்போதுதான்.

## இந்த வேலை எங்கிருந்து முளைத்தது?

சுருக்கமாகச் சொன்னால், தொழிலாளர் பிரச்சினையால் பணம் இழந்த முதலாளிகள் உண்டாக்கிய வேலை இது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் 1901இல் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது. அதன் பிறகு அங்கே தனியாகத் தொழிலாளர் பிரிவு ஒன்று அமைந்தது. புகார், நீக்கம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்ப்பதும் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதன் பொறுப்பு.

ஃபோர்டு தொழிற்சாலைக் கதை இன்னும் தெளிவு. 1913இல் அங்கே ஆட்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். அதுவரை இருந்த கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் விலகுவோர் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஆள் போய் ஆள் வருவதற்கு ஒரு விலை உண்டு, அதைக் குறைப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது லாபம் என்ற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அதே 1913இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொழிற்சாலை நல அலுவலர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். அந்தச் சங்கம்தான் பல பெயர்கள் மாறி இன்று சி.ஐ.பி.டி. என்ற தொழில்முறை அமைப்பாக இருக்கிறது. பிறகு 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச்சின் கருத்துகளைப் பிடித்துக்கொண்டு பெரிய நிறுவனங்கள் மனிதவளத் துறையை மூன்றாக உடைத்தன: அன்றாடக் கேள்விகளுக்கு ஒரு பொதுச் சேவை மையம், சிறப்பு நிபுணர் குழு, பிரிவுகளோடு ஒட்டியிருக்கும் பிசினஸ் பார்ட்னர்கள். ஆலோசகர் இந்த மூன்றில் எங்கே உட்காருகிறார் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சேவை மையத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு சம்பளம், பிரிவுத் தலைவரின் பக்கத்து அறையில் உட்கார்ந்தால் வேறு சம்பளம்.

## சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது?

ஓரளவு பெரிய நிறுவனங்களில் இது மூன்று கட்டமாக நடக்கிறது. மூன்றாவது கட்டத்தில்தான் நாம் கவனிக்காத சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

1. வேலையை எடைபோடுவது. ஆளைப் பார்க்காமல் பதவியை மட்டும் மதிப்பிடுவது இது. எட்வர்டு ஹே 1943இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனம் உருவாக்கிய முறை இன்றும் பரவலாக இருக்கிறது. என்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு சிக்கலைத் தீர்க்க வேண்டும், எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்ற மூன்றுக்கும் புள்ளி போடுவார்கள். பொறுப்பை அளக்கும்போது ஒரு கேள்வி வரும்: இந்தப் பதவி விளைவை நேரடியாக உண்டாக்குகிறதா, அல்லது வேறொருவர் முடிவெடுக்க உதவுகிறதா? ஆலோசகர் இரண்டாவது வகை. சட்ட அறிவுக்கும் சிக்கல் தீர்ப்பதற்கும் நல்ல புள்ளி விழும், பொறுப்பில் குறையும். பதவியின் கூரை அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பிரிவின் 2023 மே மாதக் கணக்கில் மனிதவள மேலாளர்களின் இடைநிலைச் சம்பளம் மனிதவள ஸ்பெஷலிஸ்டுகளுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறிவு இரண்டு மடங்கு என்பதால் வந்த வித்தியாசம் இல்லை இது. முடிவுக்கும் ஆட்களுக்கும் பட்ஜெட்டுக்கும் பொறுப்பேற்பதால் வந்தது.

2. சந்தையைப் பார்ப்பது. ‘இடைநிலை’ என்று மேலே சொன்னது சராசரி இல்லை. ஐந்து பேரின் சம்பளம் 40, 42, 45, 48, 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 60. ஆனால் ஐந்தில் நான்கு பேர் அந்த எண்ணின் பக்கத்தில்கூட இல்லை. வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 45. அதுதான் இடைநிலை. நிறுவனங்கள் சம்பள ஆய்வுகளைக் காசு கொடுத்து வாங்கி, பெயரை விட்டுவிட்டு வேலை விவரத்தை ஒப்பிட்டு, நடுவில் நிற்பவருக்கு இணையாகவோ நூறு பேரைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் 75ஆவது இடத்தில் நிற்பவருக்கு இணையாகவோ கொடுப்பது என்று முடிவு செய்யும். இணையத்தில் கிடைக்கும் இலவச எண்கள் பெரும்பாலும் பயனர்கள் தாங்களே நிரப்பியவை. அதில் உதவியாளர் வேலை பார்க்கும் ‘ஆலோசகரும்’ இருப்பார், ஒற்றை ஆளாகத் துறையே நடத்தும் ‘ஆலோசகரும்’ இருப்பார்.

3. பேண்டுக்குள், அதாவது சம்பள வீச்சுக்குள், ஆளை வைப்பது. ஒரு கிரேடுக்கு ஒரே சம்பளம் என்று இருக்காது, ஒரு வீச்சு இருக்கும். நடுப்புள்ளி 100 என்றால் கீழே 80, மேலே 120 என்பது வழக்கமான வீச்சு. உங்கள் சம்பளத்தை நடுப்புள்ளியால் வகுத்தால் வரும் விகிதம்தான் எச்.ஆர். ஆட்கள் தங்களுக்குள் பேசும் ‘காம்பா ரேஷியோ’.

இந்த விகிதம் என்ன செய்யும் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். ஒருவர் 85இல் சேருகிறார். ஆண்டுக்கு 5% இன்கிரிமென்ட். மூன்று ஆண்டில் 85 என்பது 98.4 ஆகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தையும் ஆண்டுக்கு 4% ஏறினால் நடுப்புள்ளி 112.5க்குப் போயிருக்கும். இப்போது அவருடைய விகிதம் 87.5%. மூன்று ஆண்டு உழைப்பில் முன்னேறியது இரண்டரைப் புள்ளி. அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து ஒருவரை நடுப்புள்ளியின் 95%க்கு எடுத்தால் அவருக்கு 106.9 கிடைக்கும். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர், தனக்கு வேலை சொல்லித்தரும் மூத்தவரைவிட எட்டரை சதவீதம் அதிகம் வாங்குவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற துறைகளில் இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்து, “இவருக்குச் சரிசெய்து கொடுங்கள், இல்லையென்றால் போய்விடுவார்” என்று பரிந்துரை எழுதுவது மனிதவள ஆலோசகர்தான். தன் சொந்தச் சம்பளத்துக்கு அந்தக் குறிப்பை எழுத ஆள் இல்லாமல் அவர் 87.5இலேயே உட்கார்ந்திருப்பார்.

## எது சம்பளத்தை மேலே தள்ளுகிறது?

1. விவகாரத்தின் கனம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். விடுப்புக் கொள்கையை விளக்குபவருக்கும், பாலியல் துன்புறுத்தல் புகாரில் விசாரணை அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் சொல்பவருக்கும் பதவிப் பெயர் ஒன்றாக இருக்கலாம். முதல் வேலையில் தவறு நடந்தால் ஒரு திருத்த மின்னஞ்சல் போதும். இரண்டாவதில் தவறினால் புகார் கொடுத்தவருக்கும் நீதி கிடைக்காது, புகாருக்கு ஆளானவருக்கும் கிடைக்காது. நிறுவனம் இரு தரப்பிலிருந்தும் வழக்கைச் சந்திக்கும். ஆட்குறைப்பும் அப்படித்தான். யாரை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுத்தார்கள், கலந்து பேசினார்களா, மாற்று வேலை இருந்ததா என்ற மூன்று கேள்விக்கும் கோப்பில் பதில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆட்குறைப்புகளை வழக்கில்லாமல் நடத்திக்கொடுத்தவர் என்ற பெயர் எந்தச் சான்றிதழையும்விட அதிகம் பேசும்.

2. தொழிற்சங்கம். கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில் ஒரு ஊழியரிடம் செய்யும் சின்ன விலக்கு அடுத்த பேச்சுவார்த்தையில் முன்னுதாரணமாக வந்து நிற்கும். இதைப் புரிந்து நடந்த அனுபவம் உள்ளவர்கள் குறைவு, அதனால் விலை அதிகம்.

3. எத்தனை சட்டங்கள். ஒரே நாட்டு ஊழியர்களைப் பார்ப்பதும் நான்கு நாட்டு ஊழியர்களைப் பார்ப்பதும் வேறு வேறு வேலை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பெருகிய பிறகு, ஊழியர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த நாட்டுச் சட்டம் குறுக்கே வருவது சாதாரணமாகிவிட்டது.

4. தலைக்கு எத்தனை பேர். நூறு ஊழியருக்கு ஒரு மனிதவளப் பணியாளர், அல்லது சற்றுக் கூடுதல் என்பது பழைய கைக்கணக்கு. ஒருவரே முந்நூறு பேரைப் பார்க்கிறார் என்றால் சம்பளம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இருப்பதில்லை. பெரும்பாலும் அது ஆள் போடாத நிறுவனம் என்பதற்கான அடையாளம் மட்டுமே.

5. துறை. வங்கி, எரிசக்தி, மருந்து, மென்பொருள் நிறுவனங்கள் கூடக் கொடுக்கும். தொண்டு நிறுவனம், சில்லறை வணிகம், ஓட்டல் துறை குறைத்துக் கொடுக்கும். வேலைப் பளு இதற்கு நேர்த் தலைகீழ். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் துறைகளில்தான் ஆலோசகருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

சான்றிதழ் பற்றிக் கேட்பவர்கள் நிறையப் பேர். பிரிட்டனில் சி.ஐ.பி.டி.யின் 3, 5, 7 என்ற நிலைகளில் ஆலோசகர் பதவிக்குப் பெரும்பாலும் 5ஆம் நிலை கேட்கிறார்கள். அமெரிக்காவில் எஸ்.எச்.ஆர்.எம். என்ற மனிதவளத் தொழில்முறை அமைப்பின் தேர்வும் பி.எச்.ஆர். தேர்வும் பரவலாக ஏற்கப்படுகின்றன. கனடாவில் சி.பி.எச்.ஆர். சான்றிதழ். இவை நேர்காணல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு அடுத்த கிரேடுக்கு ஏற்றுவது மேலே முதல் எண்ணில் சொன்ன, கனமான விவகாரங்களைக் கையாண்ட அனுபவம்தான்.

## ஒப்பந்த வேலையில் நாள் கணக்கு

யாரோ ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார், அல்லது ஆட்குறைப்புக்கு ஆறு மாதம் கூடுதல் ஆள் வேண்டும். இப்படிக் குறுகிய ஒப்பந்தங்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அதை 261ஆல் பெருக்கி, நிரந்தர வேலையின் ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு.

அந்தப் பெருக்கல் தவறு. 365 நாளில் வார இறுதி போக 261 நாள். பொது விடுமுறை 10, சொந்த விடுப்பு 20, உடம்புக்கு முடியாத நாள் 5 என்று கழித்தால் 226. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே ஒரு மாதம் சும்மா இருந்தால் இன்னும் 20 போய் 206. நிரந்தர ஊழியருக்கு விடுமுறைக்கும் விடுப்புக்கும் சேர்த்துத்தான் ஆண்டுச் சம்பளம் வருகிறது. இவருக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும். ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் நிறுவனம் போடும் பங்கும் கிடையாது. ஆகவே நாள் சம்பளம், நிரந்தர வேலையின் நாள் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருந்தால்தான் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் வசதிக்காகச் செய்யும் வேலை, லாபத்துக்கு இல்லை.

## மென்பொருள் எதைத் தின்கிறது?

முதல் படியான உதவியாளர் வேலையைத்தான். விடுப்புக் கேள்விக்குச் சாட்பாட் பதில் சொல்கிறது, கடிதம் தானாக உருவாகிறது. இதனால் ஆலோசகர் வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, ஆலோசகராக வளர்வதற்கான ஏணியின் கீழ்ப்படி ஒடிகிறது என்ற கவலைதான் நியாயம். கோப்பு சேர்த்துச் சேர்த்துத்தான் எந்தக் கோப்பில் ஓட்டை இருக்கிறது என்று கண் பழகும்.

நுணுக்கமான வேலையை இயந்திரத்திடம் விடுவதில் உள்ள ஆபத்தும் தெரிந்ததுதான். அமேசான் சோதித்துப் பார்த்த ஆளெடுப்பு மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டதால் கைவிடப்பட்டது என்ற செய்தி 2018இல் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆளெடுப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தக் கருவி என்ன செய்கிறது என்று கேட்டுப் பதிவு செய்யும் வேலையும் இனி யாரோ பார்த்தாக வேண்டும். வேறு யார், இவர்தான்.

## விளம்பரத்தில் சம்பள வீச்சு இருந்தால்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலே வேலை விளம்பரத்தில் சம்பள வீச்சைப் போட்டாக வேண்டும். 2023இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு, தொடக்கச் சம்பளத்தையோ வீச்சையோ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், முந்தைய வேலையின் சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் சட்டமாக்க அது வைத்த கெடு 2026 ஜூன் 7.

வீச்சு தெரிந்தாலும் படிக்கத் தெரிய வேண்டும். மேல் எண் புதிதாகச் சேருபவருக்கு அரிதாகவே கிடைக்கும். கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு இன்கிரிமென்டுக்கு இடமில்லை. நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே என்பதுதான் நிறுவனம் மனதில் வைத்திருக்கும் எண். வீச்சு அளவுக்கு மீறி அகலமாக, மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், எந்தப் படியில் ஆள் எடுக்கிறோம் என்று அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். அது பேரம் பேச நல்ல இடம்.

நேர்காணலில் எந்த வகை வேலை என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும்.

1. மாதத்துக்கு எத்தனை ஒழுங்கு நடவடிக்கை, புகார் விவகாரங்கள் இந்தப் பதவிக்கு வருகின்றன?
2. வெளி வக்கீலிடம் எப்போது போவீர்கள், அதை யார் தீர்மானிப்பார்?
3. கடைசியாக எந்த ஆலோசனையை மேலாளர் ஏற்க மறுத்தார், அப்புறம் என்ன நடந்தது?

மூன்றாவது கேள்விக்குச் சற்று யோசித்துவிட்டு, “போன வருஷம் ஒரு டெர்மினேஷன் விஷயத்துல…” என்று எதிரில் இருப்பவர் தொடங்கினால் அங்கே உண்மையான ஆலோசகர் வேலை இருக்கிறது. நடுப்புள்ளிக்கு மேலேயே கேட்கலாம். “அப்படியெல்லாம் எதுவும் வராதுங்க, எல்லாம் சிஸ்டத்துலயே போயிடும்” என்று சிரித்தால், விளம்பரத்தில் என்ன பெயர் இருந்தாலும் அது முதல் படி வேலை. சம்பளமும் அந்தப் படியிலிருந்துதான் தொடங்கும்.